ஜெபா ஒட்டிய பிளாஸ்திரி

ரத்தம் எடுக்கக் குழந்தைகள் கையில் நரம்பு தேடுவதில் ஜெபாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்கள் மூன்று இடத்தில் குத்தி, பிள்ளையை அழவைத்து, பெற்றவளையும் அழவைத்து, கடைசியில் "யக்கா, நீயே பாரு" என்று ஒதுங்கி நிற்பார்கள். இவள் போய் அந்தச் சின்னக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "உங்க டீச்சர் பேரு இன்னா? அடிப்பாங்களா?" என்று ஆரம்பிப்பாள். பிள்ளை டீச்சரைப் பற்றிப் புகார் சொல்லி முடிப்பதற்குள் டியூப் நிறைந்திருக்கும். சும்மா சொல்லக்கூடாது, அது ராசியான கை. அந்தக் கைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கேட்டால் உங்களுக்கும் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

செய்யூருக்குத் தெற்கே ஒரு காலனியில் பிறந்தவள் ஜெபா. அப்பா ராஜேந்திரனும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, அடுத்தவர் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கி மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார்கள். பன்னிரண்டாவது முடித்ததும் செங்கல்பட்டில் லேப் டெக்னீஷியன் படிப்பு. விடியற்காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நின்றபடியே பாடம் படித்தவள். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அவள் முதல் தடவை ஊருக்குள் வந்தபோது, அம்மா வேலை செய்த கொல்லைக்காரரே, "எம்மா, எனக்கு சக்கர கீதான்னு பாத்துச் சொல்லேன்" என்று விரலை நீட்டினாராம். அவர் விரல் நீட்டிய கதையை அம்மா சாகும்வரை சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

பிறகு கல்யாணம். புருஷன் சாமுக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஜெனிஃபர் என்று ஒரே மகள். இருபது வருஷத்தில் ஜெபா நாலு லேப் மாறினாள். எங்கே போனாலும் அவள் பையில் டப்பாவோடு ஒரு பிளாஸ்திரிச் சுருள் இருக்கும். வெள்ளைத் துணியில் பசை தடவிய, புண்ணுக்குப் பஞ்சு வைத்து ஒட்டுகிற, சாதாரணப் பிளாஸ்திரி.

ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். பிளாஸ்திரி புண்ணுக்கு மட்டுமா? சலைன் பாட்டிலில் பேர் எழுதி ஒட்ட பிளாஸ்திரி. டிபன் பாக்ஸ் மாறாமல் இருக்க பிளாஸ்திரி. உடைந்த மூக்குக் கண்ணாடிக்கு, அறுந்த செருப்புக்கு, ஆடுகிற ஃபேன் சுவிட்ச்சுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். பிளாஸ்திரி ஒட்டாத ஓர் ஆஸ்பத்திரியைக் காட்டுங்கள், நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன். ஜெபா அதில் கெட்டிக்காரி. வேலையை ஆரம்பிக்கும் முன்பே ஒரே அளவாகப் பத்துத் துண்டு கிழித்து, இடது புறங்கையில் வரிசையாக ஒட்டிக்கொள்வாள். வேண்டும்போது ஒவ்வொன்றாக உரித்து எடுப்பாள். கத்தரிக்கோலே தேடமாட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் டாக்டர் சுப்புராமனின் ஆராய்ச்சி வேலைக்கு வந்தாள். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகிற ரோட்டில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. மழைக்காலம் வந்தால் கட்டில் போதாமல் தரையில் பாய் போடுகிற அளவுக்கு டெங்குக் காய்ச்சல் கூட்டம். ஒரே தெரு, ஒரே கொசு, ஒரே காய்ச்சல். ஆனால் ஒரு பிள்ளை ஆறாம் நாள் எழுந்து இட்லி கேட்கிறது, இன்னொன்று ஐந்தாம் நாள் ஐசியூவுக்குப் போகிறது. எது எந்தப் பக்கம் போகும் என்று முன்னாடியே சொல்ல முடிந்தால் எத்தனை உயிர் பிழைக்கும்? சுப்புராமனை இந்தக் கேள்விதான் தூங்கவிடாமல் பண்ணிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் துளியிலும் துளியாகச் செம்பு இருக்கிறது, இரும்பு இருக்கிறது, துத்தநாகம் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் செம்பு ஏறும், இரும்பும் துத்தநாகமும் இறங்கும். யாருக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கும் என்று அவர் நம்பினார்.

"ஜெபாம்மா, இது சக்கரை டெஸ்ட் மாதிரி இல்ல. உங்க மேசைத் தூசுல இருக்கிற துத்தநாகம் ஒரு துளி விழுந்தாக்கூட ரிசல்ட் கெட்டுப்போயிடும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கருநீல மூடி போட்ட தனி டியூப் வந்தது. பவுடர் இல்லாத கையுறை வந்தது. ஜெபா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் வேலை செய்தாள். மோதிரத்தைக் கழற்றி பீரோவில் வைத்தாள். வேலைக்குப் போகிற நாளில் முகத்துக்குப் பவுடர் போடுவதையே விட்டாள். "இன்னாடி, பேயாட்டம் கெளம்பிட்ட?" என்று சாம் கேலி செய்வான். "ரத்தத்துல பவுடர் வுழுந்துரும்யா. உனக்கு இன்னா தெரியும்?" என்று சண்டைக்குப் போவாள். தன் வேலையைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பெருமை.

எடுத்த ரத்தத்தைச் சுத்துகிற மெஷினில் போட்டு, மேலே தெளிந்து நிற்கிற மஞ்சள் நீரைச் சின்னக் குப்பியில் மாற்றி, ஃப்ரீசரில் வைக்க வேண்டும். குப்பிக்கு ஒட்டுவதற்கு அச்சடித்த ஸ்டிக்கர் கொடுத்திருந்தார்கள். அந்தக் குளிரில் ஸ்டிக்கர் பசை விட்டுவிட்டது. ஒருநாள் திறந்து பார்த்தால் இரண்டு குப்பி பேர் இல்லாமல் உருண்டு கிடக்கிறது. எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. சுப்புராமன் தையா தக்கா என்று குதித்தார். "ரெண்டு பேரோட ரத்தம் அநாதையாக் கெடக்கு. இதுக்கா ஊசியால குத்தினோம்?"

ஜெபாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. மறுநாளே பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்தாள். பழைய குப்பி, புதுக் குப்பி எல்லாவற்றிலும் நம்பரைப் பேனாவால் எழுதி ஒட்டினாள். பெரிய லேபுக்குப் போகிற வழியில் பஸ்ஸிலும் வண்டியிலும் ஆடி மூடி கழன்றுவிடக் கூடாது என்று, மூடியின் கழுத்தைச் சுற்றியும் இறுக்கமாக ஒரு சுற்று. எந்தக் குளிருக்கும் அசையவில்லை. மாசக் கூட்டத்தில் சுப்புராமன் அந்தக் குப்பியை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "இவங்ககிட்ட கத்துக்கோங்கப்பா" என்றார். இன்னொரு சென்டரில் ரத்தம் எடுக்கிற வரதன் குப்பியின் மேலேயே மார்க்கர் பேனாவால் கிறுக்கி வைக்கிறவன், மூடியைக்கூட ஒழுங்காகத் திருகமாட்டான். அவனைப் பார்த்து ஜெபா ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

ரஞ்சிதாவைக் கொண்டுவந்தது நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஒன்பது வயசு. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துப் பெண். அப்பா மூர்த்தி கடலுக்குப் போகிறவன், கரைக்கு வந்தால் குடிக்கிறவன். அம்மா வச்சலா ஈசிஆர் ரோட்டோரம் கூடை வைத்து மீன் விற்கிறவள். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் கண்டது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். சனிக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தால் நெற்றி ஜில்லென்று இருந்தது. வச்சலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சனி, ஞாயிறில்தான் மெட்ராஸ்காரர்கள் காரில் வந்து மீன் வாங்குவார்கள். பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்து, பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இந்தப் பாழாய்ப்போன காய்ச்சலின் வஞ்சகமே அதுதானே! சூடு இறங்குகிற அன்றைக்குத்தான் அது உள்ளே தன் வேலையைக் காட்டும். டாக்டர்களுக்குத் தெரியும். மீன் விற்கிறவளுக்கு யார் சொன்னார்கள்? மூன்று மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள், கை கால் எல்லாம் சில்லிட்டிருக்கிறது.

வார்டில் ஜெபா கருநீல டியூபோடு போய் நின்றதும் வச்சலா அவள் மேல் பாய்ந்தாள். "இப்பத்தான் ஒரு தபா எடுத்தாங்க. இருக்குற ரத்தத்தையும் உறிஞ்சிகினு போறியே, நீயெல்லாம் பொம்பளயா?"

ஜெபா கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். "ரத்தத்துல கண்ணுக்குத் தெரியாத சத்து கீதும்மா. இரும்புச் சத்து, துத்தநாகம் அந்த மாதிரி. இந்தக் காய்ச்சல்ல அது கொறையும். எவ்ளோ கொறையுதுன்னு பாக்கறதுக்கு எடுக்குறோம். நாளைக்கி இன்னொரு புள்ளைக்கி ஒதவும்."

"எம்புள்ளைக்கி எவ்ளோ கீதுன்னு எனக்குச் சொல்லுவியா?"

தனித்தனியாக யாருக்கும் ரிசல்ட் சொல்லக்கூடாது என்பது விதி. ஆனால் ரத்தம் எடுக்கப் பெற்றவளின் கையெழுத்து வேண்டுமே! "சொல்றேன். நானே உன் வூட்டாண்ட வந்து சொல்றேன்" என்றாள் ஜெபா.

பிறகு ரஞ்சிதாவின் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "உங்க டீச்சர் பேரு இன்னா?"

"ஜெனிட்டா டீச்சர்."

"அடிப்பாங்களா?"

"அடிக்க மாட்டாங்க. கிள்ளுவாங்க" என்றாள் ரஞ்சிதா. எங்கே கிள்ளுவார்கள் என்று இன்னொரு கையால் தொட்டுக் காட்டினாள். அதற்குள் டியூப் நிறைந்துவிட்டது. ஜெபா அதற்கு எம்-87 என்று நம்பர் போட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் ரஞ்சிதா போய்விட்டாள். என்னென்னவோ ஏற்றிப் பார்த்தார்கள், சுப்புராமன் இரண்டு நாள் வீட்டுக்கே போகவில்லை. உடம்பில் ஒன்றும் நிற்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் வச்சலா தனியாக பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கூட்டத்தில் நின்று நின்று, ஜெபா வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, அந்த ரத்தத்துல இன்னா இருந்திச்சு?"

விஷயம் இதுதான். மூர்த்தியின் அக்கா, வேண்டா என்று பேர், பக்கத்து வீடுதான், எழவு வீட்டிலேயே நாலு பேர் முன்னால் வாயைத் திறந்துவிட்டாள். "நல்ல மீனெல்லாம் ஊராங்களுக்கு வித்துட்டு, பெத்த புள்ளைக்கி கொழம்புத் தண்ணி ஊத்துனா. ஒடம்புல சத்து இருந்தா அந்தப் புள்ள ஏன் போவுது?" அதைக் கேட்டு மூர்த்தி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து அவன் வச்சலாவோடு பேசுவதே இல்லை. வச்சலாவுக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. வஞ்சிரமும் வவ்வால் மீனும் கூடையில் போனது நிஜம்தான். வீட்டில் நெத்திலியும் குழம்பும் இருந்ததும் நிஜம்தான். தன் பிள்ளையைத் தானே பட்டினி போட்டுக் கொன்றுவிட்டோமா? அவளுக்கு அது ஒன்று தெரிந்தாக வேண்டும். அது மட்டும் தெரிந்தால் போதும்.

ஜெபா அதைச் சுப்புராமனிடமே போய்க் கேட்டு வந்து சொன்னாள். காய்ச்சல் வந்தால் உடம்பே அந்தத் துத்தநாகத்தை ரத்தத்திலிருந்து எடுத்து ஈரலுக்குள் பதுக்கி வைத்துக்கொள்ளும். தினமும் கறியும் பாலும் சாப்பிடுகிற பிள்ளைக்கும் இறங்கத்தான் இறங்கும். சாப்பாட்டை வைத்து இதைச் சொல்ல முடியாது.

"இது பேப்பர்ல வருமா?" என்றாள் வச்சலா.

"இது டாக்டர் வாயால சொன்னதும்மா."

"வாயால சொன்னா எங்க வூட்ல எவ நம்புவா? பேப்பர் வரட்டும் யக்கா."

அதன்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன் வரும். "வந்துச்சா யக்கா?" "இன்னும் இல்லம்மா." அவ்வளவுதான் பேச்சு. சில திங்கட்கிழமை ஜெபாவே எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லாக் குப்பியும் சேர்ந்த பிறகுதான் மொத்தமாக மெட்ராஸில் ஒரு பெரிய லேபுக்கு அனுப்பினார்கள். டிசம்பர் போனது, பொங்கல் போனது, ஈஸ்டரும் போனது.

மே மாசம் ரிசல்ட் வந்தது. சுப்புராமன் ஜெபாவைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் அவளுக்குப் பயமே வந்திருக்காது.

"உக்காருங்க ஜெபாம்மா. வரதன் எடுத்ததுல துத்தநாகம் அம்பது, நாப்பத்தெட்டு, அம்பத்தஞ்சு. காய்ச்சல்காரங்களுக்கு அப்படித்தான் இருக்கணும். நல்லா இருக்கிற ஆளுக்கே எழுவதுலேர்ந்து நூத்தி இருவதுதான். நீங்க எடுத்ததுல பாருங்க, முந்நூறு, இருநூத்தி எம்பது, நானூறு. செம்பு சரியா இருக்கு. இரும்பும் சரியா இருக்கு. துத்தநாகம் மட்டும்தான் இப்படி. நூத்தி நாப்பத்தாறு பேருக்கும் இப்படியே."

"நான் எல்லாம் சுத்தமாத்தான் சார் செஞ்சேன். சத்தியமா. பவுடர்கூட..."

"தெரியும்மா." அவர் மேசை டிராயரைத் திறந்து, லேப் மேசையிலிருந்து கொண்டுவந்திருந்த அவளுடைய பிளாஸ்திரி டப்பாவை எடுத்து வைத்தார். டப்பாவின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். ஜிங்க் ஆக்சைடு பிளாஸ்திரி என்று இருந்தது. ஜிங்க் என்றால் துத்தநாகம். அந்த வெள்ளைப் பசையிலேயே துத்தநாகம்தான் கலந்திருந்தது.

ஜெபா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருபது வருஷமாக அவள் கையில் இருந்த டப்பா. அந்த எழுத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், ஒரு நாளும் படித்ததில்லை. கையுறை போட்ட புறங்கையில் பத்துத் துண்டு ஒட்டிக்கொண்டு, அதே விரலால் மூடியைத் திறந்து, அதே விரலால் மூடி, கழுத்தைச் சுற்றி வேறு ஒட்டி! முகத்துப் பவுடரை விட்டாளே, மோதிரத்தைக் கழற்றினாளே. வரதன் ஒட்டவில்லை, கிறுக்கினான். அவனுடையது சரியாக இருக்கிறது.

"மறுபடி எடுத்துரலாமா சார்?"

"எப்படிம்மா எடுக்கிறது? அவங்க காய்ச்சலெல்லாம் போயிடுச்சு. அந்த ரத்தம் அந்த நாலு நாள்லதான் கெடைக்கும். அதுல மூணு பேர் உயிரோடவே இல்ல." சுப்புராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களைச் சொல்லி என்ன? நானேதான் அந்தக் குப்பிய எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன். எனக்கும் தோணல."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜெபா பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை, மெட்ராஸிலிருந்து மிச்சத்தோடு திரும்பி வந்த குப்பிகளை எரிப்பதற்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். ஜெபாதான் எடுத்து மஞ்சள் பையில் போட்டாள். ஒவ்வொன்றிலும் அவளுடைய குண்டு எழுத்து, ஒன்றுகூட உதிரவில்லை. எம்-87 வந்ததும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். கிள்ளுகிற டீச்சரின் ஞாபகம் வந்தது. பிறகு அதையும் பைக்குள் போட்டாள்.

ஆனால் ரிசல்ட் தாளில் எம்-87க்கு நேரே இருந்த நம்பர் மனசில் நின்றுவிட்டது. முந்நூற்றி நாற்பத்தொன்று. ஒரு துண்டுத் தாளில் அதை எழுதிக்கொண்டாள். அவள் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. இது பொய்யா? பொய்தான். ஆனால் நானாக எழுதிய நம்பர் இல்லையே, மெஷின் சொன்ன நம்பர்தானே. ஆராய்ச்சிக்குத்தான் இது குப்பை. வச்சலாவுக்கு இது போதுமே. அவள் பிள்ளைக்கு எதுவும் குறையவில்லை என்று ஒரு தாள் சொல்கிறது. அந்த வேண்டாவின் வாயை அடைக்க இது போதுமே. எல்லாம் பாழாய்ப் போனதில் ஒரு ஆளுக்காவது உதவட்டுமே. நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தால் வேறு என்ன செய்திருப்போம்?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அப்படியே பஸ் ஏறினாள். குப்பத்தில் இறங்கி விசாரித்துப் போனபோது, வச்சலா வாசலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மாசத்தில் பாதியாக இளைத்திருந்தாள். மூர்த்தி கடலுக்குப் போயிருந்தான். பக்கத்து வாசலில் வேண்டா முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

வச்சலா அவளைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே எழுந்தாள். "வந்துருச்சா யக்கா?"

ஜெபா தாளை எடுத்தாள். "வந்துச்சு. உம்பொண்ணு ரத்தத்துல சத்துக்கு ஒரு கொறச்சலும் இல்ல வச்சலா."

"சத்தமாச் சொல்லு யக்கா. அண்ணி காதுல வுழணும்."

"எழுவது இருந்தா போதும். உம்பொண்ணுக்கு முந்நூத்தி நாப்பத்தொண்ணு." ஜெபா வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள். "நெறயவே இருந்திச்சு. நல்லாத்தான் சோறு போட்டு வச்சிருந்த."

வேண்டா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். வச்சலா அவளையே ஒரு பார்வை பார்த்தாள். ஆறு மாசமாகக் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. ஜெபாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. செய்தது சரிதான், கர்த்தர் மன்னிப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

வச்சலா தாளை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப ஏன் யக்கா செத்தா?"

வச்சலா தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"சத்து இருந்த ஒடம்பு. நல்லாத் தெம்பா இருந்த ஒடம்பு. அப்ப அது தாங்கியிருக்கும் இல்ல? சனிக்கெழம காலையிலயே இஸ்துகினு வந்திருந்தா தாங்கியிருக்கும்." வச்சலாவின் குரல் மெதுவாகத்தான் வந்தது. "சாப்பாடு இல்ல. நான் தான். நெத்தி ஜில்லுனு கீதுன்னு கூடயத் தூக்கிகினு போனேனே, அதான்."

"அதத்தான் நானும் சொல்லிகினு இருந்தேன். அன்னிக்கி ஒரு நாளு வூட்ல இருந்தா இன்னா?" என்றாள் வேண்டா பக்கத்து வாசலிலிருந்து. அவள் அதற்கு முன்னால் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை.

ஜெபாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பட்டினி என்ற பழியையாவது வச்சலா பங்கு போட்டுக்கொள்ள முடிந்தது. மூர்த்தியின் குடி, கடலில் மீன் இல்லாத மாசம், வீட்டு வறுமை, எல்லாவற்றுக்கும் அதில் பங்கு இருந்தது. சனிக்கிழமைக்கு அவளைத் தவிர யாரும் இல்லை. இதையா கொண்டுவந்து கொடுத்தேன், அட பாவி!

"வச்சலா, நான் சொல்றத கேளு. அந்த நம்பரு தப்பு." ஜெபா பையைத் திறந்து பிளாஸ்திரி டப்பாவை வெளியே எடுத்தாள். "நான் பொய் சொன்னேன். இந்தா பாரு, இந்தப் பிளாஸ்திரிப் பசையில துத்தநாகம் கீது. இத நான் குப்பியில ஒட்டினேன். அது உள்ள வுழுந்து நம்பர ஏத்திக் காட்டுது. உம்பொண்ணு ரத்தத்துல எவ்ளோ இருந்திச்சுன்னு யாருக்கும் தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது. நான் தான் கெடுத்துட்டேன். எம்மேலதான் தப்பு."

வச்சலா டப்பாவைப் பார்த்தாள், ஜெபாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் அவள் தோளைத் தட்டினாள்.

"நீ நல்லவ யக்கா. நான் அழக்கூடாதுன்னு உம்மேலயே பழியப் போட்டுக்கற."

"இல்ல வச்சலா, சத்தியமா சொல்றேன். ஏசப்பா மேல சத்தியம்."

"பிளாஸ்திரியில எங்கனா சத்து இருக்குமா? வுடு யக்கா. பேப்பரு வந்துருச்சு. எனக்குத் தெரிஞ்சிச்சு. தெரியணும்னுதானே கேட்டுகினு இருந்தேன்."

ஜெபா இன்னும் என்னென்னவோ சொன்னாள். சனிக்கிழமை காலையில் கூட்டிவந்தாலும் பிழைத்திருப்பாள் என்று யாரும் சொல்ல முடியாது என்றாள். டாக்டரையே போனில் பேசச் சொல்கிறேன் என்றாள். வச்சலா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. ஜெபா நிஜத்தைச் சொல்லச் சொல்ல, அது தேறுதலாகத்தான் அவளுக்குக் கேட்டது.

பிறகு வச்சலா அவளை வீட்டுக்குள் கூட்டிப்போனாள். சுவரில் ரஞ்சிதாவின் ஸ்கூல் போட்டோ ஒன்று மாட்டியிருந்தது. அதற்குக் கீழே அந்தத் துண்டுத் தாளை வைத்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஆணி அடிச்சா கிழிஞ்சிரும்" என்றாள். பிறகு ஜெபாவின் கையில் இருந்த டப்பாவைக் காட்டிக் கேட்டாள். "இது நல்லா ஒட்டுமா யக்கா?"

"ஒட்டும்" என்றாள் ஜெபா.

"என் கையெல்லாம் மீனு. நீயே கிழிச்சுக் குடேன்."

ஜெபா நாலு துண்டு கிழித்தாள். பழக்கத்தில் இடது புறங்கையில் வரிசையாக ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக உரித்துக் கொடுத்தாள்.